மேல் ஆறு வரிசை

உட்காருங்கள் தம்பி. பாட்டிலைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இந்த இடத்தில் முதலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். இதைப் பார்த்ததும் எழுந்துபோய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் குடிக்கிறவன் இல்லை. பெரிய திருநாளில் கோயிலில் சாமியார் நற்கருணை அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பாரே, அது ஒன்றுதான் இந்த அறுபத்தெட்டு வயதில் என் நாக்கில் பட்டது.

இது படுத்தபடியே இருக்க வேண்டுமாம். நிமிர்த்தக் கூடாது, குலுக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. அதனால்தான் துண்டில் சுற்றி மடியில் கிடத்தியிருக்கிறேன். தேனி பஸ் ஸ்டாண்டிலேயே டிரைவரிடம் சொன்னேன், "கொஞ்சம் பாத்து ஓட்டுங்க, மடியில ஒண்ணு தூங்குது"ன்னு. பேரப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். வீரபாண்டி வரைக்கும் மெதுவாகத்தான் வந்தார். அப்புறம் திரும்பிப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா? வரும். சட்டைப் பையில் ரெண்டு பேனா வைத்திருக்கிறீர்கள். இந்தப் பாட்டிலின் முதுகில் நாலு வரி ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம். உத்தமபாளையம் தாண்டட்டும். முன்கதை தெரியாமல் படித்தால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் தொம்மை. ஊர் மரியனூத்து. மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் என்னைப் பிடிக்காதவன்கூட என் தோட்டத்தைக் குறை சொல்ல மாட்டான். பந்தலுக்குக் கீழே ஒரு சருகு கிடக்காது. தினம் தண்ணீர், நாள் தவறாமல் மருந்து, குலை ஒவ்வொன்றும் ஒரே அளவில் தொங்கும். ஒரு பழம் இன்னொரு பழத்தைவிடப் பெரிதாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்கு மேற்கே, மலையை ஒட்டி, ஒரு ஏக்கர் இருக்கிறது. அது என் மச்சினன் மிக்கேலுடையது. என் மனைவி ரோணிக்கத்தின் தம்பி. இருபது வரிசைக் கொடி, கீழே பூராவும் சரளை. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ரோணிக்கம் தன் கையால் நட்ட கொடிகள் அவை. நியாயமாகப் பார்த்தால் அந்த ஏக்கர் அவளோடு என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். என் மாமனார் மகனுக்கு எழுதிவிட்டார். நான் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. முப்பத்தொன்பது வருஷமாக ஒன்றும் சொன்னதில்லை. ரோணிக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், தினம் ரெண்டு தடவை நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைச் சொல்லுவாள்.

மிக்கேல் கெட்டவன் இல்லை. வேலை செய்ய மாட்டான், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் இருபது வருஷமானால் கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைப்போம். அவன் நாற்பது வருஷமாகப் பிடுங்கவில்லை. பிடுங்குவதும் ஒரு வேலைதானே. தண்ணீர் மோட்டாரில் காயில் கம்பி கருகி ஒன்றரை வருஷம், கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "மழை பெய்யுமில்ல மச்சான்" என்பான். பந்தலுக்கு அடியில் கயிற்றுக்கட்டில். அதில் அவன். வெயில் நகர நகரக் கட்டிலை நகர்த்துவான். அது ஒன்றுதான் உழைப்பு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரோணிக்கம் போனாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் சொன்னது என்னைப் பற்றி இல்லை. "மிக்கேலப் பாத்துக்கங்க, அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். சரி என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, தினம் மத்தியானம் அங்கே போய் அவனைத் திட்டிவிட்டு வருவேன். திட்டுகிற நேரத்தில் கை சும்மா இருக்குமா? கவாத்துக் கத்தரியை எடுத்து நாலு கொடியில் வேண்டாத கிளையை வெட்டிவிடுவேன். நாலு நாலாக இருபது வரிசையும் முடிந்துவிடும். தண்ணீர் மட்டும் கொடுக்க மாட்டேன். அதில் வைராக்கியம். மோட்டாரைச் சரிசெய்ய அவனுக்குப் புத்தி வரட்டும் என்று.

இந்த நிலைமையில்தான் இத்தாலிக்காரர் வந்தார். இது நடந்து ரெண்டு வருஷம் ஆகிறது.

தேனிப் பக்கம் ஒரு ஒயின் கம்பெனி இருக்கிறது. அங்கிருந்து யாழினி என்று ஒரு பெண் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. லூச்சியானோ என்று இத்தாலியில் ஒயின் போடுவதில் பெரிய கைகாரராம். அவருக்கு அந்த நாட்டில் ஒரே ஒரு சரிவு நிலம், அந்த நிலத்துப் பழத்தை வேறு எந்தப் பழத்தோடும் சேர்க்காமல் சிவப்பு ஒயின் போடுவாராம். நிலத்தின் பெயர்தான் ஒயினுக்குப் பெயர். வாங்குவதற்கு மூன்று வருஷம் காத்திருக்கிறார்களாம். அவர் நம் பள்ளத்தாக்குக்கு வந்து ஒரே ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதே மாதிரி செய்யப்போகிறார் என்றது அந்தப் பெண். எந்தத் தோட்டமோ, அதன் பெயர் பாட்டிலில் வரும்.

நான் உடனே வேலையை ஆரம்பித்தேன். வேறு எந்தத் தோட்டத்தை எடுப்பார்கள்? பந்தல் கல்தூணுக்கெல்லாம் வெள்ளையடித்தேன். வாசலில் ரெண்டு வாழை மரம், மாவிலை. மோட்டார் ரூம் சுவரில் 'தொம்மை தோட்டம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதினேன். பாட்டிலில் எழுதுகிறவன் எழுத்துப் பிழை விடக் கூடாது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒல்லியாக, எழுபது வயது இருக்கும், மண் கலரில் ஒரு சட்டை. நான் மாலை போட்டேன். போப்பாண்டவர் நாட்டு மனுஷன், நல்ல நாளில் வந்திருக்கிறார். "போப்பாண்டவரப் பக்கத்துல இருந்து பாத்திருக்காரான்னு கேளும்மா" என்றேன். யாழினி கேட்டது. அவர் ஏதோ சொன்னார்.

"டிவியில பாத்திருக்காராம்."

அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

என் பந்தலுக்குக் கீழே நடந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ரொம்ப அழகு, ஓட்டல் மாதிரி இருக்கிறது என்றாராம். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். துப்பினார் தம்பி. என் பழத்தை, என் மண்ணில், என் கண் முன்னால் துப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா, அவங்க தொழில்ல அப்படித்தான்" என்றது யாழினி. "பழம் நிறையத் தண்ணி குடிச்சிருக்குன்னு சொல்றாரு."

"திராட்சக் கொடி தண்ணி குடிக்காம பிராந்தியா குடிக்கும்?"

அந்தப் பெண் இதை அவருக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பிப் போகப் போனவர், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்தவர், எழுபது வயதில், மடித்துக் கட்ட வேட்டிகூட இல்லாத மனுஷன், வேலியைத் தாண்டினார். நான் பின்னாலேயே ஓடினேன், "அது சும்மா கெடக்கிற எடம், அங்க ஒண்ணுமில்லன்னு சொல்லும்மா" என்று. அங்கே மிக்கேல் கட்டிலில் கிடந்தான். அவனைத் தாண்டிப் போய் ஒரு பழத்தைப் பறித்தார். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், தோல் தடிப்பு. வாயில் போட்டார். நான் துப்புவதற்கு இடம்விட்டுத் தள்ளி நின்றேன்.

துப்பவில்லை. இன்னொன்று போட்டார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சரளைக்கல்லை எடுத்து நக்கினார். கொடியின் அடிமரத்தைத் தடவினார், மாட்டுக்காரன் மாட்டைத் தடவுகிற மாதிரி. எழுந்து மிக்கேலைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இந்தத் தோட்டத்துக்கு நீங்க என்ன செய்றீங்கன்னு கேக்கறாரு."

மிக்கேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து யோசித்தான். பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. அதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டுமே.

"நானா? ஒண்ணும் செய்றதில்லீங்களே."

இத்தாலிக்காரர் அவன் கையைப் பிடித்து, ரெண்டு கையாலும் பிடித்து, குலுக்கினார். நான் போட்ட மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டார்.

இது சின்னமனூர். பத்து நிமிஷம் நிற்கும். நீங்கள் டீ குடிக்கிறதென்றால் போய்விட்டு வாருங்கள். வேண்டாமா? சரி.

தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அறுவடைக்கு நாற்பது நாள் இருந்தது. போகும்போது அவர் ஒரே ஒரு கட்டளை போட்டார். அந்த ஏக்கருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. கொடி தவிக்க வேண்டுமாம். தவித்தால்தான் பழத்தில் சத்து இறங்குமாம். "ஒண்ணும் செய்யாம இருக்கணும், முடியுமா?" என்று கேட்டது யாழினி. மிக்கேல், "நான் பாத்துக்கறேம்மா" என்றான். அவன் பொறுப்பாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஊரே அவனைப் பார்க்க வந்தது. டீக்கடையில் அவனுக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். "தொம்மையண்ணே, நீங்களும் கொஞ்சம் படுத்துப் பாருங்களேன்" என்று என்னைக் கேட்டான் ஒருத்தன். எனக்குப் பொறாமை என்று நினைக்கிறீர்கள். இல்லை. பொறாமைப்படுகிறவன் அவன் தோட்டத்துக்கு தினம் போவானா? நான் போனேன். முன்னால் ஒரு தடவை போவேன், இப்போது மூன்று தடவை.

முப்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் என்றால் அந்த வருஷத்து வெயில். இலை ஓரம் சுருண்டது. அப்புறம் மஞ்சளடித்தது. காற்றடித்தால் காய்ந்த ஓலை மாதிரி சத்தம் போட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் என் மோட்டார் தண்ணீரைக் கொட்டுகிறது, அந்தப் பக்கம் அவள் வைத்த கொடி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இவன் கட்டிலில்.

"மாப்ளே, செத்துருண்டா கொடி."

"அவருக்குத் தெரியாதா மச்சான்?"

"அவரா நட்டாரு?"

மிக்கேல் எழுந்தான். கட்டிலை நிழலுக்கு நகர்த்தினான்.

அறுவடைக்கு எட்டு நாள் இருந்தபோது, மத்தியானம் மூன்று மணி, அவன் நல்ல தூக்கம். நான் ஒன்றும் திட்டம் போட்டுப் போகவில்லை. என் மோட்டாரில் ஹோஸை மாட்டினேன், வேலிக்கு மேலே போட்டேன், நடந்தேன். நூற்றைம்பது அடி ஹோஸ். கீழேயிருந்து பதினாலாவது வரிசை வரைக்கும் எட்டியது. மேல் ஆறு வரிசை மேட்டில் இருக்கிறது, எட்டவில்லை. பதினாலு வரிசைக்கும் கால் முங்கத் தண்ணீர் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். மூன்றாம் நாளும். தம்பி, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இலையெல்லாம் எழுந்து நின்றது. பழம் கோலிக்குண்டு மாதிரி திரண்டது. எங்கள் தொழிலில் அறுப்புக்கு முன்னால் ஒரு தண்ணீர் விடாதவன் விவசாயியே இல்லை. எடை எங்கிருந்து வரும்? அவருக்கு ஒரு நன்மை செய்ததாகத்தான் நான் நினைத்தேன். இப்போதும் அதில் பாதி நினைக்கிறேன்.

அறுவடை நாள். கம்பெனி வேன், கூடை, பறிக்கிற பெண்கள், எல்லாம் வந்து நிற்கிறது. இத்தாலிக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். முதல் வரிசையில் ஒரு பழம். துப்பினார். ரெண்டாவது வரிசை. துப்பினார். பழம் பாதிக்கு மேல் வெடித்திருந்தது. குனிந்து மண்ணை எடுத்துப் பிடித்தார், கொழுக்கட்டை மாதிரி நின்றது. அதை யாழினி கையில் வைத்தார். ஏதோ சொன்னார்.

யாழினி முகம் வெளுத்துவிட்டது. "யாரு தண்ணி பாய்ச்சினது? இந்த வருஷம் ஒயினே வேண்டாம், நான் ஊருக்குப் போறேங்கறாரு. என் வேலையே போயிரும் ஐயா. யாரு?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மிக்கேல் முந்திக்கொண்டான். அவன் பிறந்ததிலிருந்து எதிலும் முந்தினதில்லை.

"நான்தாங்க பாய்ச்சினேன்."

பறிக்க வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். யாழினி அதை அப்படியே அவருக்குச் சொன்னது. அவர் மிக்கேலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மறுபடி மிக்கேலைப் பார்த்தார்.

"எதால பாய்ச்சினீங்கன்னு கேக்கறாரு."

"கொடத்தால."

"இத்தனை வரிசையுமா?"

"மெதுவாத்தான்" என்றான்.

ஹோஸைச் சுருட்டி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. குற்றம் செய்தவனாக இருந்தால் சுருட்டியிருப்பேனா, நீங்களே சொல்லுங்கள். அது பதினாலாவது வரிசையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். ஹோஸை ஒட்டியே நடந்தார். பாம்புத் தடம் பார்த்துப் போகிற மாதிரி, வரிசை வரிசையாக இறங்கி, வேலியைத் தாண்டி, என் பந்தலுக்குள் புகுந்து, நேரே மோட்டார் ரூமில் போய் நின்றார். எதிரே சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. தமிழ் தெரியாதுதான். யாழினி படித்துச் சொல்லிற்று.

நான் மிக்கேலிடம் மெல்லக் கேட்டேன், "ஏண்டா நீ செஞ்சதாச் சொன்ன?"

"ஒரு தடவையாச்சும் நான் வேல செஞ்சேன்னு நாலு பேரு நம்பட்டுமேன்னு பாத்தேன் மச்சான்." அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒங்களப் பாத்துக்கச் சொல்லி அக்கா சொல்லிருக்கு" என்றான்.

அவனிடம் எப்போது சொன்னாள்? ஆஸ்பத்திரியில் நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது சொல்லியிருப்பாள். என்னைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? நான்தான் இவனைப் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் திரும்பி வந்தார். என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். பந்தலை அண்ணாந்து பார்த்து, கொடியில் வெட்டின இடத்தை விரலால் காட்டி, ஏதோ கேட்டார்.

"யாரு கவாத்து பண்றதுன்னு கேக்கறாரு. நாப்பது வருஷக் கொடிய இப்படி வெட்ட ஆள் கிடைக்காதுங்கறாரு."

"மச்சான்தான்" என்றான் மிக்கேல். "திட்டிக்கிட்டே வெட்டுவாரு."

இத்தாலிக்காரர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தனியாக மேட்டில் ஏறினார். பதினைந்தாவது வரிசையில் ஒரு பழம் பறித்தார். எங்கள் முப்பது பேர் கண்ணும் அவர் வாயில் இருந்தது. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டது, இத்தனைக்கும் என்மேல் அது கொலைக்கோபத்தில் இருந்தது. அவர் மென்றார். நின்றார்.

விழுங்கினார்.

அவ்வளவுதான். மேல் ஆறு வரிசையை மட்டும் பறித்தார்கள். இருநூற்று அறுபது பாட்டில். மற்ற பழத்தை நான்தான் சந்தைக்குப் போட்டேன். வெடிக்காத பழமெல்லாம் நல்ல எடை நின்றது, அதையும் சொல்ல வேண்டுமே.

தோட்டத்துக்குப் பெயர் கேட்டபோது மிக்கேல் தலையைச் சொறிந்தான். "பேரெல்லாம் இல்லீங்க. எங்கக்கா வச்ச கொடி." அக்கா பெயர் என்ன என்று கேட்டார்கள். இதோ, முன்பக்கம் பெரிதாக இருக்கிறதே, ரோணிக்கம். உலகத்தில் எங்கெங்கோ அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். உயிரோடு இருந்தபோது அவளுக்குக் கம்பம் தாண்டி யாரையும் தெரியாது.

அந்த ஒயின் ஒன்றரை வருஷம் பீப்பாயில் இருந்து, இப்போதுதான் வந்தது. மிக்கேலுக்கு ரெண்டு பாட்டில் கொடுத்தார்கள். எட்டு வருஷம் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அன்றைக்கே ஆட்டுக்கறியோடு ரெண்டையும் முடித்துவிட்டான். "எப்படிடா இருந்துச்சு?" என்றேன். "தொவர்ப்பு மச்சான். ரெண்டாவதுல சீனி போட்டேன்" என்றான்.

காலிப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில், தம்பி, என் பெயர். ஆதாரில் இங்கிலீஷில் எப்படி இருக்குமோ அப்படியே. நான் தண்ணீர் பாய்ச்சின கதையை எழுதி, பாட்டில் பாட்டிலாக ஒட்டி, தேசம் தேசமாக அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். ஊருக்குள் யாரிடமாவது காட்டிக் கேட்க முடியுமா? ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இன்றைக்குத் தேனிக்குப் போய்க் கம்பெனியில் சண்டை போட்டேன். யாழினி படித்துக் காட்டிற்று. அப்புறம் உள்ளே போய் இந்தப் பாட்டிலை எடுத்து வந்து கையில் கொடுத்தது. ஆனால் அது என் மனசு நோகக் கூடாது என்று மாற்றிப் படித்திருக்கலாம். நல்ல பெண். அதனால்தான் சந்தேகம்.

உத்தமபாளையம் தாண்டிவிட்டது. இந்தாருங்கள். நிமிர்த்த வேண்டாம், நீங்கள் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள். தமிழில் சொல்லுங்கள்.

ம்.

'இந்தத் தோட்டம் ஒரு ஏக்கர். இந்த ஒயின் அதன் மேல் ஆறு வரிசை. நட்டவர் ரோணிக்கம். உடைமைக்காரர் மிக்கேல், சும்மா இருந்தவர். கவாத்து செய்தவர் தொம்மை, சும்மா இருக்க முடியாதவர். இவர்கள் மூவரும் இல்லாமல் இது இல்லை.'

அதேதான். அந்தப் பெண் படித்த அதே வார்த்தை. நீங்கள் ரெண்டு பேரும் பேசிவைத்திருக்க முடியாது.

தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லையே? நன்றாகப் பாருங்கள், ஓரத்தில்? இல்லை. நல்ல மனுஷன். சும்மா இருக்க முடியாதவன் என்று மட்டும் எதற்குப் போட்டார் என்று விளங்கவில்லை. போகட்டும். இத்தாலிக்காரருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?

எட்டு வருஷம் கழித்துத் திறக்கலாம். எனக்கு எழுபத்தாறு ஆகும். நான் திறக்கப் போவதில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன், சுவர் ஓரமாக. அவள் படுக்கிற பக்கம். அங்கே வெயில் படாது.

என் நிறுத்தம் வந்துவிட்டது. அதோ சைக்கிளோடு நிற்கிறான் பாருங்கள், மிக்கேல். என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். சைக்கிளை நான்தான் மிதிக்க வேண்டும்.

இத்தாலிக்காரர் அடுத்த மாசம் மறுபடி வருகிறார். நாற்பது நாள் கணக்கு திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது. வெயிலைப் பார்த்தீர்களா? இல்லை, நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். போனாலும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

உங்கள் காலுக்கடியில் ஒரு சாக்கு இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். கனமாக இருக்கும். ஹோஸ். பழசு விரிந்துவிட்டது, என் தோட்டத்துக்குத்தான் வாங்கினேன். நூற்றைம்பது அடி, அளந்துதான் வாங்கினேன் தம்பி, மேல் ஆறு வரிசைக்கு எட்டவே எட்டாது.

உள்ளே இன்னொரு துண்டு ஹோஸும் அதைச் சேர்க்கிற ஜாயின்ட்டும் கிடக்கும், விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் இனாமாகப் போட்டார். அதை நான் கேட்கவில்லை.